பதினாலு சிவப்புப் புள்ளிகள்

செப்டம்பர் 30, செவ்வாய்

இந்த டைரி ஒரு போல்ட் நட்டு கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. ஒன்பது மாதமாக இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு எடுத்துவிட்டேன். ஆபீசில் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் மண்டை வெடித்துவிடும். வீட்டுக்காரர் மயில்சாமியிடம் சொன்னால் செய்தி பார்த்துக்கொண்டே "உம், உம்" என்பார். டைரி உம் கொட்டாது, அந்த மட்டில் நிம்மதி.

நாங்கள் செய்வது வார்மர். மாதம் முந்திப் பிறக்கிற, எடை குறைந்த குழந்தைகளை அதன் அடியில் படுக்க வைப்பார்கள். மேலிருந்து சூடு வரும். சூடு அளவைத் தாண்டினால் மெஷின் கத்தும். அதற்குள் ஒரு சர்க்யூட் போர்டு, போர்டின் நடுவில் கடலைப்பருப்பு அளவில் ஒரு மெமரி சிப். கரண்ட் போனாலும் மறக்காத ஜாதி. எவ்வளவு சூடு வைக்க வேண்டும், எப்போது கத்த வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்த சிப்போடு பேசுகிற ப்ரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். எந்த சிப் வந்திருக்கிறது என்று பார்த்து, சரியான டிரைவரிடம் ஒப்படைக்கிற பட்டியல் தனியாக ஒன்று உண்டு, அதற்கு டேபிள் என்று பெயர். அந்த டேபிள் பதினோரு வருஷமாக நான் கட்டிக்காப்பது. நாற்பத்திரண்டு வரி. என்னைக் கேட்காமல் யாரும் ஒரு கமாவைத் தொட்டதில்லை.

இப்போது நாற்பது மெஷினுக்கு ஆர்டர், வழக்கமான சிப் இருபத்தாறுதான் கிடைத்தது. மீதிப் பதினாலுக்கு வேறொரு கம்பெனியின் சிப். "நீ யார்?" என்று கேட்டால் அதுவும் பழைய சிப்பின் அதே நம்பரைச் சொல்கிறது! ஆனால் குணம் வேறு. பழையதில் ஒன்றை அழி என்றால் நோட்டுப் புத்தகத்தில் அழிப்பதுபோல் அந்த ஒரு பக்கம் மட்டும் அழியும். புதியதில் அழி என்றால் பதினாறு பக்கம் ஒட்டுமொத்தமாகப் போய்விடும். என் டேபிளால் இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால் சுலபமாக ஒரு முடிவெடுத்தேன். இரண்டு ப்ரோகிராம். புதிய சிப் வைத்த போர்டில் அசெம்பிளி தனபாக்கியம் மார்க்கரால் சிவப்புப் புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு. முடிந்தது கதை.

பர்ஹானாவுக்கு முடியவில்லை. போன வருஷம் சேர்ந்தவள், பொள்ளாச்சிக்காரி, மூக்கு நுனியில் கண்ணாடி.

"மேடம், டேபிளையே எடுத்துடலாம்ங்க. ஒவ்வொரு டிரைவரும் அதது சிப்பை அததுவே கண்டுபிடிச்சுக்கட்டும். சிப்புக்குள்ள ஒரு பக்கத்துல கம்பெனிக்காரன் தன்னைப் பத்தி எழுதி வெச்சிருக்கான். டிரைவர் அதைப் படிச்சு, இது என்னோடதுன்னா எடுத்துக்கும், இல்லைன்னா ஒதுங்கிக்கும்."

"ரெண்டும் ஒதுங்கிட்டா?"

"மெஷின் ஸ்டார்ட் ஆகவே கூடாதுங்க. கத்தணும்."

"ஆளாளுக்கு நாட்டாமை பண்ணுனா வெளங்கிரும். ஆறாம் தேதி டிஸ்பேட்ச். போய் வேலையைப் பாரு."

போனாள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான்.

தங்கை கோகிலா வந்து ஒரு வாரம் ஆகிறது. அம்மா இல்லை, அதனால் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அக்கா வீடுதான் அவளுக்குத் தாய் வீடு. எனக்கும் அவளுக்கும் பதினாறு வருஷ வித்தியாசம், இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். மாப்பிள்ளை ஓசூரில். எட்டாம் மாதம் இன்னும் முடியவில்லை, அதற்குள் முதுகு வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று தினமும் ஒரு பாட்டு.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. தரையைக் கழுவி, கோலம் போட்டு, சால்டரிங் கம்பி முதல் கம்ப்யூட்டர் வரை சந்தனம் குங்குமம். போர்டுகள் நாற்பதையும் ட்ரேயில் வரிசையாக வைத்திருந்தார்கள். மற்றதெல்லாம் யார் வேண்டுமானாலும் வைக்கட்டும், இதற்கு நானே வைக்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் நட்ட நடுவில், நெற்றிக்கு வைப்பதுபோல் ஒரு பொட்டு. நடுவில் சிப்தானே இருக்கிறது.

தனபாக்கியம் ஓடி வந்தாள். "மேடம், மேடம், அதுல எம்புள்ளி இருக்குதுங்க."

"சாமி பொட்டுக்கு முன்னாடி உன்ற புள்ளி என்னடி பெரிய புள்ளி?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பொரி கடலை இரண்டு பை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒன்றை கோகிலாவே தின்று தீர்த்துவிட்டாள்.

அக்டோபர் 3, வெள்ளி

காலையில் துணியால் எல்லாப் போர்டையும் துடைத்தேன். குங்குமம் முக்கால்வாசி போய்விட்டது. சிவப்பு உள்ளதை எண்ணினால் பதினேழு வந்தது. பதினாலு அல்லவா வர வேண்டும்? மூன்றில் சிவப்பு கொஞ்சம் கலைந்திருந்தது. குங்குமம் என்று பார்த்தாலே தெரிந்தது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், போய்விட்டது. இப்போது பதினாலு. கணக்கு சரி.

சிவப்புள்ளதற்குப் புது ப்ரோகிராம், இல்லாததற்குப் பழையது. மத்தியானத்துக்குள் ஏற்றியாயிற்று. ஈரம் படாமலிருக்க மேலே கறுப்புப் பூச்சும் பூசியாகிவிட்டது. இனி சிப்பின் மேல் எழுதியிருப்பதை யாரும் படிக்க முடியாது, படிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

அக்டோபர் 6, திங்கள்

நாற்பதும் வண்டி ஏறியது. முதலாளி எல்லாருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். பர்ஹானா மட்டும் குடிக்காமல் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். டிரைவர், அதே டிரைவர்! "பொழுது போகலைன்னா சொல்லு, வேலை தர்றேன்" என்றேன். "வீட்டுக்குப் போற நேரத்துல பண்றனுங்க மேடம்" என்கிறாள். கொழுப்பு.

அக்டோபர் 9, வியாழன்

மலைமேல் இருக்கிற ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து போன். சிஸ்டர் பேசினார், பெயர் லில்லிப்பூ. மெஷின் கத்தவில்லையாம். காலையில் குழந்தையின் முதுகில் கை வைத்துப் பார்த்தால் கொதிக்கிறதாம். தெர்மாமீட்டர் முப்பத்தெட்டரை காட்டியிருக்கிறது. உடனே அணைத்துவிட்டார்கள், குழந்தைக்கு ஒன்றுமில்லை.

"அலாரம் சத்தத்தை நிறுத்துற பட்டனை யாராவது அழுத்தியிருப்பீங்க சிஸ்டர்."

"நாங்க அழுத்தலைங்க."

"தெரியாம கை பட்டிருக்கும்."

"இல்லைங்க மேடம், நாங்க யாரும் அழுத்தலை."

அழுத்தியிருப்பார்கள். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன், எல்லாரும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அனுப்பிவைக்கச் சொன்னேன்.

அக்டோபர் 10, வெள்ளி

மெஷின் வந்தது. ஒன்றும் புரியவில்லை.

காலையில் எல்லா அளவையும் புதிதாக எழுதிவைத்துச் சோதித்தேன், ஒழுங்காகக் கத்தியது. பட்டன்தான் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து மறுபடி பார்த்தால் ஊமை. நடுவில் நான் செய்தது ஒன்றே ஒன்று, சூட்டை முப்பத்தாறரையிலிருந்து முப்பத்தாறாக மாற்றினேன். அதை மாற்றினால் அலாரத்துக்கு என்ன வந்தது? சிப்பைப் படித்துப் பார்த்தேன். அலாரம் எல்லை எழுதியிருந்த பக்கம் துடைத்துப் போட்டதுபோல் காலியாக இருக்கிறது. எழுதிவைத்தேன், இருந்தது. சூட்டை மாற்றினேன், மறுபடி காலி. நாலு தடவை செய்தேன், நாலு தடவையும் அப்படியே.

சூட்டின் பக்கத்தை அழித்து எழுதும்போது பக்கத்துப் பக்கமும் சேர்ந்து அழிகிறது. அது புது சிப்பின் குணம். ஆனால் இதில் ஏற்றியிருப்பது பழைய ப்ரோகிராம், அப்படியென்றால் பூச்சுக்கு அடியில் சிவப்புப் புள்ளி இல்லையே! புள்ளி இல்லை, அதனால் பழைய சிப், அதனால் பழைய ப்ரோகிராம். எல்லாம் சரியாக இருக்கிறது, மெஷின் மட்டும் தப்பாக இருக்கிறது. "நீ யார்?" என்று டேபிளைக் கேட்கச் சொன்னேன். நம்பரைச் சொன்னது. இரண்டுக்கும் அதே நம்பர் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சாம்பாரில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன். மயில்சாமி வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். கோகிலா திறந்தாள்.

அக்டோபர் 11, சனி

பர்ஹானா தன் ப்ரோகிராமை அந்தப் போர்டில் ஏற்றி ஓடவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. பழைய டிரைவர் "என்னுடையது இல்லை" என்று ஒதுங்கியது. புது டிரைவர் "என்னுடையது" என்று எடுத்துக்கொண்டது. திரையில் இரண்டே வரி.

"உன் டிரைவர் தப்பு" என்று கத்தினேன். பக்கத்து அறைக்குக் கேட்டிருக்கும்.

அவள் கத்தவில்லை. பிளேடையும் லென்சையும் எடுத்து என் முன்னால் வைத்தாள். பூச்சைச் சுரண்டினேன், அரை மணி நேரம் ஆனது. சிப்பின் மேல் எழுத்து தெரிந்தது. புது சிப்.

தனபாக்கியம் புள்ளி வைக்க மறந்திருக்கிறாள். வேறென்ன? கூப்பிட்டுக் கேட்டேன்.

"பதினாலு வெச்சனுங்க மேடம். எண்ணி எண்ணி வெச்சேன். என்ற புள்ளைக மேல சத்தியமுங்க."

"பதினாலுன்னா இது எப்படி வந்துது?"

 எனக்கே தெரியாததுதான், ஆனால் நான் கேட்கிற இடத்தில் இருந்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். முதலாளியிடம் "அசெம்பிளியில தப்பு" என்று சொன்னேன். விசாரித்து முடிக்கும்வரை அவளை வீட்டிலிருக்கச் சொல்லிவிட்டார்.

பர்ஹானா கேட்டாள், "இன்னும் எத்தனை மெஷின்ல இப்படி இருக்கும்ங்க?"

"எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"அப்ப முப்பத்தொம்பது ஆஸ்பத்திரிக்கும் போன் பண்ணி, சூட்டை மாத்தாதீங்கன்னு சொல்லணும் மேடம்."

"என்னன்னு சொல்றது? எங்க மெஷின்ல எது எதுன்னு எங்களுக்கே தெரியலைன்னா? ஊரே சிரிக்கும். திங்கட்கிழமை பாத்துக்கலாம்."

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை வைத்துப் பார்த்தேன். சூட்டு வலி. வெயிலிலே மாடியில் துணி காயப்போட்டால் வேறென்ன வரும்? சீரகம் கொதிக்கவைத்துக் கொடுத்து, தொப்புளைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிட்டேன்.

"அக்கா, இது வேற மாதிரி இருக்குதுக்கா. வந்து வந்து போவுது."

"நான் ரெண்டு பெத்தவ கண்ணு. எனக்குத் தெரியாதா?"

"என் வயிறுக்கா இது. எனக்குத் தெரியாதா?"

"பேச்சைப் பாரு. படு."

ஒரு மணி நேரத்தில் வலி நின்றுவிட்டது. நான் சொன்னதுதான் சரி. இந்த வாரத்தில் ஒன்றாவது நான் சொன்னபடி நடந்தது.

அக்டோபர் 13, திங்கள்

பதினாலு புள்ளி வைத்தாள் என்றே வைத்துக்கொள்வோம். பதினேழு வந்தது. மூன்று குங்குமம். அந்த மூன்றையும் துடைத்தேன்.

துடைத்த மூன்றும் குங்குமம்தானா?

மார்க்கர் மையும் ஸ்பிரிட்டில் போகும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பர்ஹானா சாயங்காலம் மறுபடி கேட்டாள். புது ப்ரோகிராம் நாளைக்கு ரெடியாகிவிடும், கையில் மருந்தை வைத்துக்கொண்டு போன் பண்ணலாம், ஒரே நாள்தானே என்றேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு நெஞ்சு படபடவென்று இருக்கிறது. காபி அதிகம் குடிக்கக் கூடாது.

அக்டோபர் 14, செவ்வாய்

காலை ஏழரை. கோகிலாவுக்கு மறுபடி அதே வலி. அதே சீரகத் தண்ணி. ஆபீஸ் போகிறேன்.

மாலை. ஆஸ்பத்திரித் தாழ்வாரம். மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. கோகிலா தானாகவே ஒரு ஆட்டோவைப் பிடித்து, மெயின் ரோட்டில் இருக்கிற ட்ரஸ்ட் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எனக்கு ஒரு போன்கூட இல்லை. போன் பண்ணியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியும். அவள் போய்ச் சேர்ந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தை பிறந்துவிட்டது. பெண். ஒரு கிலோ தொள்ளாயிரம். இன்னும் அரை மணி நேரம் நான் சொன்னபடி படுத்திருந்தால் வீட்டிலேயே பிறந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். 

குழந்தைகள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். வார்மர். எங்கள் வார்மர். பக்கவாட்டில் நான் ஒட்டச் சொன்ன ஸ்டிக்கர், நம்பர் இருபத்தேழு. அடியில் ஒரு முழம்கூட இல்லாத ஒரு சிவந்த உயிர், மூக்கில் ஒரு குழாய். சிஸ்டர் ஒருத்தர் சூட்டைக் கூட்டுவதற்குப் பட்டனை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

அப்படி நான் கத்தி நானே கேட்டதில்லை. சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். பெயர் கிளாடிஸ், சட்டையில் எழுதியிருந்தது.

"வெளிய போங்கம்மா. யாரு நீங்க? குழந்தைக்கு என்ன வேணும்?"

பெரியம்மா என்று சொல்லியிருக்கலாம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

"அந்த மெஷினுக்கு ப்ரோகிராம் எழுதுனவ நான். அதுல சூட்டை மாத்துனா அலாரம் போயிரலாம். இதுல போவுமா, போவாதான்னு எனக்குத் தெரியாது. எந்த மெஷின்ல எந்த சிப் இருக்குன்னு அடையாளம் வெச்சிருந்தாங்க. அதை நாந்தான் அழிச்சேன். பூஜை குங்குமம்னு நெனைச்சு, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சுட்டேன்."

முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். டைரியிலே கூட இவ்வளவு நேராக எழுதவில்லை.

கிளாடிஸ் சிஸ்டர் என்னை ஒரு நிமிஷம் ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்ட அவருக்கு நேரமில்லை. "வேற வார்மர் காலியா இல்லை. மூச்சு நல்லா இருக்கு. அம்மா நெஞ்சுல போட்டுருவோம்" என்று குழந்தையை இரண்டு கையாலும் அள்ளினார். கோகிலாவின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்து, மேலே துணியைக் கட்டி, போர்வையால் மூடினார். கங்காரு முறை என்று சொல்வார்களாம். மெஷின் இல்லை, சிப் இல்லை.

"சூடு போதுமா, எப்படித் தெரியும்?" என்று வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

கோகிலா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "எனக்குத் தெரியும்க்கா."



பர்ஹானா பஸ்ஸிலும் ஆட்டோவிலும் மாறி மாறி ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டாள், லேப்டாப்போடு. இருபத்தேழைத் திறந்து கேபிளைச் செருகினோம். புது டிரைவர் ஒதுங்கியது. பழைய டிரைவர் "என்னுடையது" என்றது. பழைய சிப், பழைய ப்ரோகிராம். இதில் ஒரு கோளாறும் இல்லை. சூட்டை எத்தனை தடவை மாற்றியிருந்தாலும் கத்தியிருக்கும்.

அப்பாடா என்று மூச்சு விட்டேன். உடனே கணக்குப் போட்டேன். மூன்று புள்ளியை அழித்தேன். ஒன்று மலையிலிருந்து வந்துவிட்டது. இது இல்லையென்றால், மீதி இரண்டு இந்நேரம் வேறு யாருடைய குழந்தையின் தலைக்கு மேலோ எரிந்துகொண்டிருக்கிறது. போன் பண்ணச் சொல்லி பர்ஹானா கேட்ட சனிக்கிழமைக்கு அப்புறமும் எரிந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கு என் வீட்டுக் குழந்தை என்றதும் ஒரு நொடியில் கத்தத் தெரிந்தது எனக்கு.

பர்ஹானா பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். முப்பத்தொன்பது நம்பர். சனிக்கிழமையே எழுதிவைத்திருக்கிறாள். பாதி நீ பண்ணு, பாதி நான் பண்ணுகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வேண்டாம், நானே பண்ணுகிறேன் என்று தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன். இந்த ஆஸ்பத்திரி நீங்கலாக முப்பத்தெட்டு போன். "சூட்டை மாத்தாதீங்க. மாத்தியிருந்தா மெஷினை நம்பாதீங்க, கையால தொட்டுப் பாத்துட்டே இருங்க. எங்க ஆளு வந்துட்டே இருக்காங்க. தப்பு என்னோடது." கடைசி வாக்கியத்தை முதல் ஐந்து போனில் முணுமுணுத்தேன். அப்புறம் பழகிவிட்டது.

அக்டோபர் 16, வியாழன்

பர்ஹானா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சர்வீஸ் ஆட்கள் நாலு பக்கம். முப்பத்தொன்பதும் பார்த்தாயிற்று. மீதி இரண்டும் கிடைத்துவிட்டன. ஒன்று அட்டைப்பெட்டியே பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் இருந்தது. இன்னொன்றில் இரட்டைக் குழந்தைகளில் சின்னது படுத்திருந்தது. சூட்டை இரண்டு தடவை மாற்றியிருக்கிறார்கள். அலாரம் பக்கம் சுத்தமாகக் காலி. அந்த வார்டு சிஸ்டருக்கு மெஷின் எதையும் நம்புகிற பழக்கம் இல்லையாம், அரை மணிக்கு ஒரு தடவை கையை வைத்துப் பார்த்திருக்கிறார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

அழிக்காமல் விட்ட மூன்று குங்குமப் பொட்டில் புது ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஆபத்தில்லை, கொஞ்சம் மெதுவாக எழுதும், அவ்வளவுதான். எல்லாவற்றிலும் ஒரே ப்ரோகிராம் ஏற்றிவிட்டோம். டிரைவர் தன் சிப்பைத் தானே பார்த்துக்கொள்ளும். யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் மெஷின் எழுந்திருக்காது, கத்தும்.

ஆபீஸ் வந்து என் டேபிளை அழித்தேன். நாற்பத்திரண்டு வரி. பர்ஹானா "நான் பண்ணட்டுங்களா மேடம்" என்றாள். "வேண்டாம்மா" என்றேன். அழித்ததும் ப்ரோகிராம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அதுதான் ரொம்ப வலித்தது.

அக்டோபர் 17, வெள்ளி

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னை என்ன செய்வது என்று தீபாவளி கழித்து முடிவு செய்கிறாராம். செய்யட்டும். தனபாக்கியத்தை இன்றைக்கே கூப்பிடச் சொன்னேன்.

வந்தாள். எல்லாரும் வேலை செய்கிற நேரமாகப் பார்த்து அசெம்பிளிக்குப் போனேன். அன்றைக்கு எத்தனை பேர் சிரித்தார்களோ அத்தனை பேரும் இருந்தார்கள். "இவ பதினாலுதான் வெச்சா. நாந்தான் மூணை அழிச்சேன். இவ சொன்னப்ப நான் கேக்கலை" என்றேன்.

தனபாக்கியத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "விடுங்க மேடம். சாமி காரியம்னு நானும் அதுக்கு மேல பேசாம இருந்துட்டனுங்க." அப்புறம் மெதுவாக, "வீட்டுல இத்தனை நாளா நானே எண்ணிப் பாத்துட்டு இருந்தனுங்க. பதிமூணுதான் வெச்சனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு" என்றாள்.

அதைக் கேட்டபின் அங்கே நிற்க முடியவில்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி. கோகிலா முகத்தைச் சுளித்தாள். தையல் வலி என்று வாய் வரை வந்துவிட்டது. முழுங்கிவிட்டு, "எங்க கண்ணு வலிக்குது?" என்று கேட்டேன். அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வலிக்கலைக்கா. பசிக்குது." இட்லி வாங்கிவந்து கொடுத்தேன், நாலு சாப்பிட்டாள். குழந்தை அவள் நெஞ்சிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. எடை நாற்பது கிராம் கூடியிருக்கிறது.

தாளில் எல்லா நம்பரையும் அடித்துவிட்டேன். அந்தத் தாளில் இல்லாத ஒரு நம்பர் பாக்கி இருந்தது. அங்கே மெஷின் இல்லை, அதனால் யாரும் எழுதவில்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்று மலைக்கு போன் போட்டேன். லில்லிப்பூ சிஸ்டரே எடுத்தார். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நேற்று வீட்டுக்குப் போய்விட்டதாம்.

"சிஸ்டர், அன்னிக்கு அலாரம் பட்டனை அழுத்தியிருப்பீங்கன்னு சொன்னேன்."

 பின்னால் ஏதோ ஒரு குழந்தை அழுதது.

"நாங்க அழுத்தலைங்க மேடம்" என்றார், அதே குரலில்.

"ஆமாங்க சிஸ்டர்" என்றேன். "நீங்க அழுத்தலை."